சமையலறைக்குள் ஓடிய கோடு

மாமனாரின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கை குலுக்கி, "இனிமே மாடிப்படி மட்டும் ஏறவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையில் டிரைவிங் மாஸ்டர் வீட்டு ஹால் பறிபோயிற்று.

வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று அது. கீழே ஒரு ஹால், ஒரு சமையலறை, மாடிப்படிக்கு அடியில் ஆள் உள்ளே போனால் கதவு சாத்த முடியாத ஒரு கழிவறை. படுக்கையறையெல்லாம் மேலே. மாமனார் வந்த அன்றே சோபா கட்டிலானது, டீப்பாய் மருந்துக் கடையானது, டிவி ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் போயிற்று.

அதுகூடப் பரவாயில்லை. மனிதர் மீன் மார்க்கெட்டில் ஏலம் விட்டே தலை நரைத்தவர். ஐஸ் பெட்டிகளுக்கும் லாரி ஹாரனுக்கும் மேலே கேட்க வேண்டுமென்று பழக்கிய தொண்டை. அவர் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சொல்வது பக்கத்து வீடு வரை போகும். போனில் பேசினால், இவருக்குப் போன் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

மாஸ்டரின் மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பதில் பேர் வாங்கியவள். வீட்டிலும் அப்படித்தான், குத்தினது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, பின்னாடி சும்மாதானே கிடக்கு இடம். அப்பாவுக்கு ஒரு ரூம் போட்டுடலாம். பாவம், நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் சமையலறையில ஸ்டூல் போட்டு உக்காந்து சாப்பிடுவீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். பின்பக்கம் இருந்த துணி காயப் போடும் கம்பியையும், மாஸ்டர் தன் மாணவர்களுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளையும் காலால் ஒதுக்கிவிட்டு, குறுக்கும் நெடுக்கும் நடந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஒன்றும் எழுதாமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

"சப்ப வேலை சார். சமையலறைச் சுவர்லேர்ந்து மூணு மீட்டர் இழுத்து ஒரு ரூம். அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம்."

"பெர்மிஷன் வாங்கணுமில்ல?" என்றார் மாஸ்டர்.

சாவு வீட்டில் ஜோக் அடித்தவனைப் பார்ப்பதுபோல் மேஸ்திரி அவரைப் பார்த்தார்.

"எதுக்கு சார் அதெல்லாம்? பின்பக்கம். ரோட்டுலேர்ந்து பாத்தா தெரியாது. கட்டிட்டுப் போயிட்டே இருப்போம். கேட்டாத்தான் வம்பு."

"அப்படிச் சொல்லுங்க மேஸ்திரி!" ஹாலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதைச் சொல்றதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம்?"

மாஸ்டரால் அது முடியாது. ஈ காக்காய் இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர் அவர். தான் நிற்பதோடு விடாமல், நிற்காமல் போகிறவனைப் பார்த்து ஹாரன் அடிப்பார். மாணவன் ஓட்டும் காரின் டயர் நிறுத்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், "தொட்டாச்சு. இதுல கொஞ்சமா தொட்டேன், நிறைய தொட்டேன்னெல்லாம் கிடையாது" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பார். மாமனாருக்கோ எந்த எண்ணும் முடிவான எண் இல்லை. பத்து என்றால் அது பேச்சை ஆரம்பிக்கும் இடம். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தது மாஸ்டர் மனைவியின் விதி.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் ஒரு கிளாஸை ஒத்திவைத்துவிட்டு பிளானிங் ஆபீசுக்குப் போனார். கையில் தானே ஸ்கேல் வைத்து வரைந்த படம். கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஆபீசர் அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"மாஸ்டர்! என்னைத் தெரியுதா?"

மாஸ்டருக்கு யாருடைய முகமும் நேராகப் பார்த்தால் ஞாபகம் வராது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வாழ்க்கை போய்விட்டதால் எல்லோரையும் பக்கவாட்டில்தான் தெரியும். அவள் கம்ப்யூட்டர் பக்கம் தலையைத் திருப்பியதும் சட்டென்று பிடிபட்டது.

"கிளட்ச்சுல வெச்ச காலை எடுக்கவே மாட்டியே, நீதானேம்மா?"

"நானேதான். கோட்டுல நிறுத்தத் தெரியலைன்னு டெஸ்டுக்கே அனுப்பாம எத்தனை மாசம் உக்கார வெச்சீங்க!"

மாஸ்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தன் கையால் பழகிய பிள்ளை, விதிகள் இருக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். படத்தை விரித்தார். அவள் விளக்கினாள்: பின்பக்கம் எது கட்டினாலும் ஆபீசில் சொல்ல வேண்டும். வீட்டின் பின்சுவரிலிருந்து மூன்று மீட்டருக்குள் இருந்தால் ஆபீசே பார்த்து அனுமதி கொடுத்துவிடும். அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டையும் கேட்டாக வேண்டும்.

"சரியா மூணு மீட்டர்மா. அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது" என்றார் மாஸ்டர் பெருமையாக.

"எங்கேர்ந்து அளந்தீங்க?"

"பின்சுவர்லேர்ந்துதான்."

அவள் தெருவின் பழைய பிளானைத் திறந்தாள். திரையையே பார்த்தாள். டாக்டர்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்களே, அந்த மாதிரி.

"மாஸ்டர், உங்க சமையலறை எவ்வளவு நீளம்?"

"அஞ்சு மீட்டர்."

"இங்க மூணுதான் இருக்கு." அவள் திரையில் விரலை வைத்தாள். "ஃப்ரிட்ஜ் எங்க வெச்சிருக்கீங்க?"

"நடுவுல, சுவரோரமா."

"அதுவரைக்கும்தான் உங்க வீடு. அங்கதான் ஒரிஜினல் பின்சுவர் இருந்திருக்கு. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் அதை இடிச்சு ரெண்டு மீட்டர் நீட்டியிருக்கார். யார்கிட்டயும் கேக்கல."

"அப்ப எங்க அடுப்பு?"

"அது பெர்மிஷன் இல்லாத பக்கத்துல இருக்கு."

மூன்றில் இரண்டு ஏற்கனவே போயாயிற்று. மிச்சம் ஒரு மீட்டர். அதில் மாமனாரை நிற்க வைக்கலாம், படுக்க வைக்க முடியாது. 

"ரெண்டு மீட்டர்தானேம்மா?" என்று மாஸ்டரே கேட்டுவிட்டார்.

"நீங்கதான் மாஸ்டர் சொல்வீங்க, கொஞ்சமா தொட்டேன்னு ஒண்ணு கிடையாதுன்னு." அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பணிவாகச் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். அடுத்து தன் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. "நான் இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்கலாமா?"

"வந்துட்டீங்களே மாஸ்டர். நானும் பாத்துட்டேனே."

இரண்டு வழிதான் என்றாள். ஒன்று, நீட்டின பாகத்தை இடிப்பது. இல்லையென்றால், அது பத்து வருஷத்துக்கு மேலாக அங்கே நிற்கிறது, யாரும் ஆபீசில் புகார் கொடுக்கவில்லை என்று நிரூபிப்பது. அப்படி நிரூபித்தால் அதையும் வீட்டோடு சேர்த்து ஏற்றுக்கொள்வார்கள். அதற்கப்புறம் புது ரூமைப் பற்றிப் பேசலாம். எதற்கும் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மாமனார் ரிமோட்டைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, ரூம் கட்டலாமான்னு கேக்கப் போய், இருக்கற சமையலறையைப் பிடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

"உண்மையைத்தானே மாமா சொன்னேன்."

"நான் எத்தனை மீன் வித்திருக்கேன்! ஒருத்தன்கிட்டயாவது போய், ஐயா, இது நேத்து மீனுன்னு சொல்லியிருப்பேனா?"

மனைவி சமையலறைக்குள் போனாள். டீ கொண்டுவந்து வைத்தாள். "பாத்துக் குடிங்க. சட்டத்துக்கு வெளிய போட்ட டீ" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ்தான் எல்லை. தண்ணீர் எடுக்கப் போனால் மாமனார் ஹாலிலிருந்து, "கோட்டைத் தாண்டறீங்க மாப்பிள்ளை, பாத்து!" என்று குரல் கொடுப்பார். ஒரு தடவை மாஸ்டர் உண்மையிலேயே நின்று கீழே பார்த்துவிட்டார்.

சுவரின் வயசை யார் சொல்வது? வீட்டை விற்றவர் வேறெங்கோ போய்விட்டார். போன் நம்பர் வேலை செய்யவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் இருக்கான், எத்தனை வருஷம்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுக் குடுப்பான்" என்றார் மேஸ்திரி. மாஸ்டர் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். பக்கத்து வீட்டம்மா. தெரு உண்டானதிலிருந்து அங்கேயே இருப்பவர். துணிகளை அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிறவர். பிரச்சினை என்னவென்றால், அவருக்கும் மாஸ்டருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுநாளாயிற்று. ஒரு நாள் அந்தம்மா நிறுத்தியிருந்த காரின் ஒரு டயர் நடைபாதை மேல் ஏறியிருந்தது. மாஸ்டர் கண்ணாடியில் ஒரு சீட்டு செருகிவிட்டு வந்தார். எப்படி நிறுத்தியிருக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுப் படம் வேறு வரைந்திருந்தார். அந்தப் படம்தான் உறவை முறித்தது.

ரூம் கட்டும் செய்தியை அந்தம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. மாமனார் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. ஆபீசர் வரும் நாள், நேரம், என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பது வரை எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆபீசர் அம்மா கையில் ஒரு சின்ன கருவியோடு வந்தாள். பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி போய்ச் சுவரில் விழும், தூரம் தெரியும். அவள் அளக்க அளக்க, மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"கடைசியா எவ்வளவு விடுவீங்கம்மா?"

"மூணு மீட்டர் சார். அதுல ரெண்டு போயிடுச்சு."

"ஆறு குடுங்க."

"சார், இது நான் குடுக்கறது இல்ல. ரூல்ல இருக்கறது."

"சரி, அஞ்சே முக்கால். உங்க முகத்துக்காக இறங்கறேன். வேற யாராயிருந்தாலும் ஆறுக்குக் கீழ வந்திருக்க மாட்டேன்."

"மாமா!" என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போது மதில் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டம்மா ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தார். இந்த நேரத்துக்காகவே தலை வாரிக்கொண்டு காத்திருந்தது பார்த்தாலே தெரிந்தது.

"ஆபீசரம்மா, என் நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்க! இதுக்கு மேல இவங்களை ஒரு செங்கல் வெக்க விடாதீங்க. ஏற்கனவே இந்தச் சமையலறையை நீட்டினதுல என் ஜன்னல்ல வெயிலே விழறதில்ல. வருஷக்கணக்கா பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுக்கிட்டு தைக்கறேன் நான்!"

ஆபீசர் அம்மாவின் பேனா நின்றது. "எத்தனை வருஷமாம்மா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். மாமனார் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். ஏலம் விட்ட கை; பிடி இரும்பாக இருந்தது. பிறகு மதில் பக்கம் திரும்பி, ரொம்ப அலட்சியமாக, "அதெல்லாம் என்னம்மா, ஒரு மூணு வருஷம் இருக்குமா?" என்றார்.

"மூணா? யாரைப் பாத்து மூணுங்கறீங்க?" பக்கத்து வீட்டம்மா ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் உயர்ந்தார். "என் சின்னவ ஸ்கூல்ல சேர்ந்த வருஷம் சார் அது! இன்னிக்கு அவ காலேஜ் முடிச்சு வேலைக்கே போயாச்சு!"

"சும்மா சொல்லாதீங்கம்மா. சுவரைப் பாத்தா புதுசா இருக்கு."

"நான் ஏன் சும்மா சொல்றேன்? போட்டோ இருக்கு என்கிட்ட! யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு முதல் நாள் நிக்கறா, பின்னாடி இந்தச் சுவர் பாதி எழும்பி நிக்குது. கொண்டுவரட்டுமா?"

"கொண்டுவாங்களேன், பாப்போம்" என்றார் மாமனார். குரலில் தேன் ஒழுகியது.

தலை மறைந்தது. உள்ளே டிராயர்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தார். தலை திரும்ப வந்தபோது கூடவே ஒரு போட்டோவும் வந்தது. எட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஆபீசர் அம்மா கையை நீட்டவில்லை.

"அம்மா, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். பத்து வருஷத்துக்கு மேல இது நிக்குதுன்னு இதால நிரூபணமாயிட்டா, இதை இடிக்கச் சொல்ல எங்களால முடியாது. இவங்களுக்குத்தான் சாதகம். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

பக்கத்து வீட்டம்மா ஆபீசரைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். கையிலிருந்த மகளைப் பார்த்தார். போட்டோ மெல்லப் பின்வாங்கியது. அப்புறம் கண், நெற்றி, வகிடு என்று ஒவ்வொன்றாக மதிலுக்குக் கீழே இறங்கி மறைந்தன.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல" என்று அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, வாங்கி உள்ள வெச்சுட்டு அப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் மாஸ்டர்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவ சார்" என்றாள் ஆபீசர் அம்மா.

 அன்று சாப்பாட்டின்போது மனைவிதான், "போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன். இங்க குடிவந்து ஆறு வருஷமா அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவைகூட கால் வெச்சதில்ல நாம. ஜன்னல்ல வெயில் வருதா இல்லையான்னு அவங்க சொல்லித்தான் நமக்குத் தெரியணுமா?" என்றாள். மாஸ்டர் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது அது உறைத்தது.

மறுநாள் மதியம் அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது.

"அந்தச் சீட்டு விஷயம்" என்று ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றுதான் வந்தார். ஆனால் டயர் நடைபாதை மேல் இருந்தது உண்மை. பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "டயர் மேலதான் இருந்துச்சும்மா. ஆனா படம் போட்டிருக்க வேண்டாம்."

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுல என் காரை ஆமை மாதிரி வரைஞ்சிருந்தீங்க."

"எனக்குப் படம் வராது."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

பின்கட்டு அறையில் தையல் மிஷின் ஜன்னலை ஒட்டி இருந்தது. பக்கத்தில் நீளம் குறைக்க வேண்டிய பேண்டுகள் மலைபோல் கிடந்தன. வெளியே நல்ல வெயில். உள்ளே டேபிள் லைட் எரிந்துகொண்டிருந்தது. "உக்காருங்க அங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார். மாஸ்டர் உட்கார்ந்தார். அந்தம்மா ஊசியில் நூல் கோர்க்கும்போது எதைப் பார்ப்பாரோ அதைப் பார்த்தார். தன் வீட்டுச் சமையலறையின் பக்கச் சுவர். அது போதாதென்று, அதன் மொட்டைத் தளத்துக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர். எதையும் தாங்காமல், யாருக்கும் உதவாமல், சும்மா நின்றது. ஆகாயத்தில் பாதியை அதுதான் தின்றிருந்தது.

தினம் மூன்று வேளையும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று டீ குடித்திருக்கிறார் மாஸ்டர். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது, உன் கண்ணாடியில் தெரியாத இடம்தான் முக்கியம் என்று ஆளாளுக்குச் சொல்கிறவர்.

"அந்த மேல் சுவர் எதுக்கும்மா?"

"என்னைக் கேட்டா? உங்களுக்கு முன்னாடி இருந்தவர் மாடி எடுக்கப்போறேன்னு எழுப்பினார். அப்புறம் மாடியும் எடுக்கல, அதையும் எடுக்கல."

"எடுத்துடறேன்" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமனார் பாய்ந்தார். "சரி, பதிலுக்கு போட்டோவை வாங்கிட்டீங்களா?"

"இல்ல மாமா."

"குடுக்கறேன்னாவது சொன்னாங்களா?"

"நான் கேக்கல. சுவர் தேவையில்லாம நிக்குது, எடுக்கறேன்னு சொன்னேன்."

மாமனார் தலையணையில் சாய்ந்துகொண்டார். "என் மார்க்கெட்ல நீங்க ஒரு நாள் தாங்க மாட்டீங்க மாப்பிள்ளை" என்றார். மனைவி மட்டும் அன்றைக்கு மாஸ்டரின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

இடிப்பதற்கு முன் மாஸ்டர் ஆபீசுக்குப் போன் செய்தார். "இருக்கறதைக் குறைக்கறதுக்குப் பெர்மிஷன் வேணுமாம்மா?"

"வேண்டாம் மாஸ்டர். இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல."

மேஸ்திரியின் ஆட்கள் ஒரே நாளில் கைப்பிடிச் சுவரைத் தட்டி இறக்கினார்கள். மறுநாள் காலை முழுக்கப் பக்கத்து வீட்டில் மிஷின் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டம்மா நின்றார், கையில் போட்டோ. மாஸ்டர் நீட்டிய கைக்கு அது வரவில்லை.

"இதைத் தர்றேன். கையெழுத்தும் போடறேன். ஆனா புது ரூமைப் பத்திப் பேசணும். உங்ககிட்ட இல்ல. நீங்க எல்லாத்துக்கும் சரின்னுடுவீங்க, அப்புறம் எனக்குத்தான் உறுத்தும். உங்க மாமனாரைக் கூப்பிடுங்க."

மாமனார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு களை வந்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் ஒருவர் அவரிடம் பேரம் பேச வந்திருக்கிறார்.

"ரூமோட கூரை என் பக்கம் தாழ்வா சரியணும்" என்றார் அந்தம்மா.

"சரியட்டும். ஒரு சாண்."

"ஒரு மீட்டர்."

"அம்மா, நான் ரூமுக்குள்ள தவழ்ந்தா போறது? ரெண்டு சாண்."

"ஒரு மீட்டர். அப்புறம், மதிலை ஒட்டிக் கட்டக்கூடாது. ஒரு மீட்டர் தள்ளி."

"அரை மீட்டர். கடைசி வார்த்தை."

"ஒரு மீட்டர்."

மாமனார் தன் வித்தையெல்லாம் காட்டினார். சிரித்தார், கோபப்பட்டார், முழங்காலைத் தடவிக்கொண்டார், எழுந்து போவதுபோல் எழுந்தார். கால் சரியில்லாததால் திரும்ப உட்கார வேண்டியதாயிற்று. அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் என்று மட்டும் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமனார் விட்ட ஏலம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

"கடைசியா ஒண்ணு. என் பக்கம் ஜன்னல் வெக்கக் கூடாது."

"ஏம்மா, காத்து வேணாமா எனக்கு?"

"காத்து வரும்னா பரவாயில்ல. உங்க பேச்சும் வருமே."

மாமனார் ஜன்னலையும் விட்டுக்கொடுத்தார். மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள், சட்டத்துக்கு வெளியே நின்று.

சமையலறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பக்கத்து வீட்டில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்ததால் ரூமுக்கும் அனுமதி வந்தது. மேஸ்திரி, "கேட்டுக் கட்டற வீடு எனக்கு இதுதான் சார் முதல்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு வேலையை ஆரம்பித்தார். ரூம் நினைத்ததைவிட ஒடுங்கலாகத்தான் வந்தது. ஒரு பக்கம் மாமனார் நிமிர்ந்து நிற்கலாம். மறுபக்கம் பணிவாகத்தான் நிற்க முடியும். அவர் குடிபோன அன்று மாஸ்டர் ஹால் சோபாவில் கால் நீட்டிப் படுத்து, ரிமோட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, டிவியைப் போடாமலே தூங்கிப்போனார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இத்தனை மாதப் பேச்சில் விதிகளெல்லாம் மாமனாருக்கு மனப்பாடமாகியிருந்தன. எதற்கும் அசையாத எண்கள் என்று சில உலகத்தில் இருக்கின்றன என்பது அவருக்குப் புதுச் செய்தி. அது அவரை விடவில்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். கையில் அளவு டேப்போடு தெருவில் நடக்க ஆரம்பித்தார்.

"இந்த ஷெட்டு எல்லையிலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்கு தம்பி? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்று அவர் கேட்பது தெருக்கோடி வரை கேட்கும். கார் ஷெட் போட்டவர்கள் திரை போட்டார்கள். ஒருவர் பாதி எழும்பின சுவருக்குத் தார்ப்பாய் போர்த்தினார்.

மேஸ்திரிதான் முதலில் அழுதுகொண்டு வந்தார். "சார், உங்க மாமனாரைக் கொஞ்சம் உள்ளயே வெச்சுக்கோங்க. இந்தத் தெருவுல ஒரு செங்கல் இறக்க முடியல. எல்லாரும், முதல்ல பெரியவரைக் கேட்டுட்டு வாங்கறாங்க."

"அவரைப் பிடிச்சு வெக்க என்னால முடியாது மேஸ்திரி. வேணும்னா நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார் மாஸ்டர் விளையாட்டாக.

மேஸ்திரி அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து காலையில் அவருடைய வண்டி வாசலில் வந்து நிற்கும். மாமனார் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறுவார். யார் யாருக்கோ ரூம், யார் யாருக்கோ மதில். பிளானைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போக மேஸ்திரிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

ஒரு நாள் மாஸ்டர் புது மாணவி ஒருத்திக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆபீசர் அம்மா.

"மாஸ்டர், உங்க மாமா காலையிலேர்ந்து இங்கதான் இருக்கார்."

மாஸ்டர் மாணவியைக் காரை நிறுத்தச் சொன்னார். "சத்தம் போடறாராம்மா? இதோ வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

கிளாஸை முடித்துக்கொண்டு ஓடினார். ஆபீசுக்கு வெளியிலேயே குரல் கேட்டது. உள்ளே போனால், காத்திருப்பவர்கள் வரிசையில் பாதிப் பேர் கவுண்டரை விட்டுவிட்டு மூலையில் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் மாமனார். மடியில் யாருடைய பிளானோ விரிந்து கிடந்தது.

"இதை இப்படியே உள்ள குடுத்தா நாளைக்கே திரும்பி வரும். பழைய பின்சுவர் எதுன்னு பாத்தீங்களா? பாக்கல. போய்ப் பாத்துட்டு வாங்க" என்று ஒருவரை எழுப்பி அனுப்பினார். கவுண்டருக்குப் பின்னால் ஆபீசர் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"கூட்டிட்டுப் போக வேணாம் மாஸ்டர். நாளைக்கும் அனுப்ப முடியுமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்" என்றாள்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க மாப்பிள்ளை. இப்படி உக்காருங்க. இன்னும் ரெண்டு பேர்தான் இருக்காங்க."

மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.